ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி

‘ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி’ என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. ஒன்றுக்கும் உதவாத காரியத்தைச் சுற்றி ஆட்கள் மட்டும் ஏராளமாக நிற்பதைக் கண்டால், அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பழமொழியை முதன்முதலில் சொன்ன மனிதன் சிரித்துக்கொண்டே சொன்னானா என்பது எனக்குச் சந்தேகம். அவன் கடற்கரைக்காரனாக இருந்தால், அதை ஒரு கணக்காகத்தான் சொல்லியிருப்பான். நல்ல கப்பலுக்கு நான்கு மாலுமிகள் போதும். ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது பேர் வேண்டும். நான்கு பேர் கப்பலை ஓட்டுவதற்கு. மற்ற ஐந்து பேர் உள்ளே வரும் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டுவதற்கு!

கப்பலின் சரித்திரம் என்றால் பாய்மரத்தையும் சுக்கானையும் பீரங்கியையும் பற்றி எழுதுகிறார்கள். அந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களுடைய கையிலிருந்த வேலையை ஒரு சின்னத் துளை எப்படி வாங்கிக்கொண்டது, வாங்கிக்கொண்ட பிறகு அந்தத் துளையை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

“ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வால்பாறையில் கடல் இல்லைதான். ஆனால் கப்பலுக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆனைமலைத் தேக்குகளை வெட்டி, பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு அனுப்பினார்கள். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு ‘டாப் சிலிப்’ என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. 

இரண்டாவது காரணம் மழை. வால்பாறையில் மழை என்பது ஒரு பருவம் அல்ல. அது வீட்டில் வந்து தங்கிவிட்ட ஓர் உறவினர். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. மேலே சோலையாறு, கீழே ஆழியாறு என்று மலையைச் சுற்றிலும் அணைகள். அணை என்று இருந்தால் படகு என்று ஒன்று இருக்கும். படகு என்று ஒன்று இருந்தால், அதில் மழை பெய்யும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மலைவாசிகள் அறிவார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விசைப்படகில் ஆட்கள் உட்காருவதற்கென்று ஒரு பள்ளமான இடம் இருக்கிறதல்லவா? ஆங்கிலத்தில் காக்பிட் என்பார்கள். நாம் ‘தொட்டி’ என்றே சொல்லிக்கொள்ளலாம். மழைக் காலத்தில் அது தொட்டியாகவே ஆகிவிடுகிறது. இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அதில் 300 லிட்டர் தண்ணீர் சேரும். அதன் எடை 300 கிலோ. ஐந்து ஆட்களின் பாரம். படகை யாரும் தொடவில்லை. கயிற்றில் கட்டியபடியே இருக்கிறது. ஆனால் விடிவதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஐந்து பிரயாணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தப் பிரயாணிகள் நல்ல சுபாவம் உள்ளவர்களும் அல்லர். மனிதர்களாவது, “ஒரே பக்கம் சாயாதீர்கள்” என்றால் கேட்பார்கள். தண்ணீர் கேட்காது. படகு இடப்பக்கம் சற்றே சாய்ந்தால், தொட்டியில் உள்ள தண்ணீர் முழுவதும் இடப்பக்கமே ஓடும். ஓடி, சாய்வை இன்னும் அதிகமாக்கும். அடியில் கிடக்கும் கல்மூட்டையைவிட, தளும்பும் தண்ணீர் அபாயமானது என்பது இதனால்தான். ஆகவே படகு என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த அன்றே, உள்ளே வந்த தண்ணீரை வெளியே அனுப்பும் கவலையும் பிறந்துவிட்டது எனலாம்.

கொங்கு நாட்டில் இந்தக் கவலைக்குக் கண்ட விடை மிகவும் எளிது. காவிரியிலும் பவானியிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் ஓடும் பரிசலைப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய பெரிய கூடை. முன்பு தோல் போர்த்தினார்கள், பிறகு தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. பரிசலில் தண்ணீர் சேர்ந்தால் என்ன செய்வது? கரைக்கு வந்ததும் தூக்கிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். பரிசல்காரர் அதைத் தலைமேல் குடை மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்ப்பது போன்ற வைத்தியம். ஆனால் ஒரு மனிதன் தூக்கக்கூடிய படகுக்குத்தான் அது செல்லும்.

தூக்க முடியாத படகுக்கு வேறு வழி வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். துரைமார்களையும் துணி மூட்டைகளையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கப்பல் கட்டும் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் எடை என்பவர், 1834ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்தப் படகுகளை வர்ணித்திருக்கிறார். முப்பதிலிருந்து முப்பத்தைந்து அடி நீளம். பத்துப் பதினோரு அடி அகலம். பலகைகளை ஆணியடித்துச் சேர்க்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். ஆணியடித்த படகு சென்னை அலையில் ஓர் அறை வாங்கினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். ஆனால் தைத்த துணியில் தண்ணீர் நிற்குமா? தையல் வழியே கடல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும்.

அதற்காகத்தான் ஆள் போட்டார்கள். துடுப்புப் போடுபவர்கள் பன்னிரண்டு பேர். இவர்களைத் தவிர, தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கென்றே இரண்டு ஆட்கள் எப்போதும் படகில் இருந்தார்களாம். பழமொழியின் ஐந்து பேர், இங்கே இரண்டு பேராகச் சரித்திரத்தில் தலைகாட்டுகிறார்கள். கவர்னர்கள் வந்திறங்கிய தேதிகளெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. அந்தக் கவர்னரின் கால் நனையாமல் இருக்கக் குனிந்த முதுகு நிமிராமல் நீரை வாரிக் கொட்டியவர்கள் யார்? தெரியாது. அவர்கள் களைத்து உட்கார்ந்திருந்தால் சரித்திரத்தின் சில பக்கங்கள் மாறியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

அதே சென்னைக் கரையில், அதே அலையில், இறைக்கும் ஆளே இல்லாத படகு ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கட்டுமரம்.

கட்டுமரத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கே இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி. அலை மேலே ஏறி வரும். வந்த வழியைப் பற்றிக் கவலைப்படாமல் இடுக்கு வழியே கீழே இறங்கிப் போய்விடும். மசூலாப் படகு போக முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனார்கள். கடிதம் நனையாதபடி தலையில் அணியும் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்களாம். மசூலாப் படகு கவிழ்ந்தால் பிரயாணிகளைக் காப்பாற்றப் பக்கத்திலேயே கட்டுமரங்களும் சென்றன. ஓட்டையில்லாத படகுக்கு, முழுவதும் ஓட்டையான படகு காவல்!

இதன் ரகசியம் என்ன? மசூலாப் படகு, தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்ற நம்பிக்கையில் மிதக்கிறது. உள்ளே இருக்கும் காற்றுதான் அதைத் தாங்குகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அதன் கதை முடிந்தது. கட்டுமரத்துக்கு அப்படி ஒரு வயிறே கிடையாது. லேசான மரமே அதைத் தாங்குகிறது. தண்ணீர் வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்குப் போகும் வழியையும் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. மீனவர் நாள் முழுவதும் நனைந்தபடியே இருக்க வேண்டும். மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். ஆகையால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போட வேண்டும். பராமரிப்பு என்ற வார்த்தையைக் கேட்டிராத காலத்தில் நடந்த தினசரிப் பராமரிப்பு அது.

1697ல் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். சொல் அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் ‘கேட்டமரான்’ ஆகிவிட்டது. சொல் போன வேகத்தில் தத்துவம் போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. மூழ்கும் கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்பதற்கென்றே ஹென்றி கிரேட்ஹெட் என்பவர் அங்கே ஒரு படகு கட்டினார். 1790ல் அது கடலில் இறங்கியது. பக்கங்களில் தக்கையை வைத்துக் கட்டியதால், நீர் நிரம்பினாலும் மிதக்கும். ஆனால் நிரம்பிய நீர் தானாக வெளியேற வழியில்லை. 1849 டிசம்பரில் அதே ஊரில், அதே மாதிரியில் கட்டிய ‘பிராவிடன்ஸ்’ என்ற மீட்புப் படகு கவிழ்ந்தது. இருபத்துநான்கு பேர் போனார்கள். இருபது பேர் இறந்தார்கள். பிறரைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள்.

ஊர் உலுக்கப்பட்டது. நார்தம்பர்லாந்துப் பிரபு, சிறந்த மீட்புப் படகின் மாதிரிக்கு நூறு கினி பரிசு அறிவித்தார். 280 மாதிரிகள் வந்து குவிந்தன. 1851ல் ஜேம்ஸ் பீச்சிங் என்பவருக்குப் பரிசு கிடைத்தது. அவருடைய மாதிரியை ஜேம்ஸ் பீக் என்ற கப்பல் கட்டும் நிபுணர் திருத்தியமைத்தார். அந்தப் படகுகளில் தளம் வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருந்தது. தளத்திலிருந்து படகின் அடிவரை குழாய்கள் இறங்கின. குழாயில் ஒரு வால்வு. மேலே விழும் அலை அதைத் திறந்துகொண்டு கீழே போகும். கீழே இருக்கும் கடல் அதைத் திறந்துகொண்டு மேலே வர முடியாது. இறைக்கும் ஆளின் வேலையை எடுத்துக்கொண்ட துளை இப்படிப் பிறந்தது.

நம் கட்டுமரத்தைப் பார்த்து அவர்கள் காப்பியடித்தார்கள் என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. அதற்கு ஆதாரமும் கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவை. தளம், வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். போகும் வழி அடைபடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளுக்கு மேல் மூன்றாவது விதி கிடையாது.

பழைய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நடுமுற்றத்தில் மழை கொட்டும். முற்றத்துத் தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும், மூலையில் ஜலதாரை. தெரு மட்டம் முற்றத்தைவிடத் தாழ்ந்திருக்கும் வரையில் வீட்டுக்குச் சுகம். தெருவுக்கு வருஷாவருஷம் மண்ணும் தாருமாகப் போட்டு உயர்த்திக்கொண்டே போனால் என்ன ஆகிறது? ஒரு கார்த்திகை மழையில், அதே ஜலதாரை வழியாகத் தெருவெள்ளம் முற்றத்துக்குள் வருகிறது. துளை ஒன்றுதான்; மட்டம் மாறியதும் அதன் திசை மாறிவிட்டது.

படகில் தெரு உயர்வதில்லை, வீடு தாழ்கிறது. அது எப்படி என்பதை மலையடிவாரத்து அணை ஒன்றில் ஒரு மிஸ்திரி எனக்குக் காட்டினார். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் பராமரித்து வந்த விசைப்படகுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். படகின் பின்பலகையில், தளத்தை ஒட்டி இரண்டு வடிதுளைகள். இரண்டிலும் பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

“ஏனுங்க மிஸ்திரி, தண்ணி போறதுக்கு வெச்ச ஓட்டையை அடைச்சு வெச்சிருக்கீங்களே?” என்றேன்.

“படகு புதுசா இருக்கையில தண்ணி தானா வெளிய போச்சுங்க. இப்போ தானா உள்ள வருதுங்க” என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு விஷயம் தெரிந்தது. பழைய இரட்டை வீச்சு எஞ்சினை எடுத்துவிட்டு, புகையும் சத்தமும் குறைந்த நான்கு வீச்சு எஞ்சினைப் பின்னால் மாட்டியிருந்தார்கள். அதே குதிரைசக்தியில் புதியது பொதுவாக இருபது முப்பது கிலோ அதிகக் கனம். அதோடு பெரிய பாட்டரி ஒன்று, அதுவும் பின்னால். இரண்டாவது பெட்ரோல் டாங்கு, அதுவும் பின்னால். படகின் பின்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தது. வடிதுளையோ நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலேதான் இருந்தது! துளையைத் திறந்தால் அணைத் தண்ணீர் உள்ளே வருகிறது. மூடினால் மழைத் தண்ணீர் உள்ளே நிற்கிறது. மசூலாப் படகில் குனிந்திருந்த ஆளின் வேலை, நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு தகர டப்பாவுடன் அந்த மிஸ்திரிக்கு வந்து சேர்ந்திருந்தது.

“பம்பு இருக்குமே?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க. விடாம ரெண்டு நாள் மழை பேஞ்சா பாட்டரி தீந்து போகுமுங்க. அப்புறம் பம்பும் தண்ணிக்குள்ள, பாட்டரியும் தண்ணிக்குள்ள.”

இந்த ஒரு வார்த்தையில் பெரிய உண்மை இருக்கிறது. பம்பு என்பது படகின் வயிற்றில் கசியும் நீருக்காக ஏற்பட்டது. தொட்டியில் விழும் மழைக்கும் அலைக்கும் அதை நம்பக் கூடாது. பாட்டரியும், கம்பியும், மிதவை ஸ்விட்சும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால்தான் பம்பு ஓடும். பூமியின் இழுப்பு அப்படியல்ல. அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

அந்த மிஸ்திரி பிறகு செய்த காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய விசைப்படகு வைத்திருக்கும் யாருக்கும் அவை உதவும். முதல் வேலையாக, அவர் துளையைத் தொடவில்லை, எடையைத் தொட்டார். பாட்டரியையும் ஒரு டாங்கையும் படகின் நடுப்பாகத்துக்கு முன்னே நகர்த்தினார். பின்பக்கம் ஓர் அங்குலத்துக்கு மேல் நிமிர்ந்தது. பிறகு தொட்டியின் தளத்தின்மேல், பின்னோக்கிச் சற்றே சரியும்படி இன்னொரு தளம் எழுப்பினார். தளம் உயர்ந்தால் உட்காருபவரின் கனமும் உயரும், படகு ஆடும் என்பதால் அதில் பேராசை கூடாது. இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் துளை. பழையவை ஓர் அங்குல விட்டம். அந்த அளவில் இரண்டு துளைகள் இருந்தால், நாம் முன்பு கணக்கிட்ட 300 லிட்டரை வெளியேற்ற ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது. ஐந்து நிமிஷத்துக்குள் இன்னும் எத்தனையோ அலைகள் வந்துவிடும். விட்டத்தை ஒன்றரை அங்குலமாக்கினால் துளையின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் வேப்பங்காயாக இருந்த வட்டத்தின் பரப்பளவு, இங்கே உயிர் காக்க வருகிறது.

புதுத் துளை போடும்போது ஒரு கண்டம் உண்டு. ஃபைபர் படகின் பலகை பல இடங்களில் உள்ளே மரம், வெளியே ஃபைபர் என்று பணியாரம் போல இருக்கும். துளைத்த வாயில் வெளிப்படும் மரத்தைப் பசையால் நன்றாக அடைக்காவிட்டால், அது நீர் குடித்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போகும். துளையில் பொருத்தும் வாயும் முக்கியம். மலிவான பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்கும். பித்தளை, கடல்நீரில் தன்னிலுள்ள துத்தநாகத்தை இழந்து, சிவந்து, விரலால் நொறுக்கும்படி ஆகிவிடும். அங்கே வெண்கலமே நல்லது. ரப்பர் குழாய் இருந்தால் அது நடுவில் தொய்ந்து நீர் தேங்கக் கூடாது. இரு முனைகளிலும் இரட்டைக் கிளாம்பு வேண்டும். படகின் வயிற்றுக்குள் மறைந்து ஓடும் அந்தக் குழாய் வெடித்தால், தொட்டியின் நீர் முழுவதும் வயிற்றுக்குள் போகும்; மேலே இருப்பவருக்கோ தொட்டி வற்றியது ஒன்றே தெரியும்.

கடைசியாகத் துளையின் வெளி வாயில் ஒரு பந்து வைத்த வால்வைப் பொருத்தினார். பிங்-பாங் பந்து மாதிரி ஒன்று கூண்டுக்குள் கிடக்கிறது. உள்ளிருந்து நீர் வந்தால் விலகி வழிவிடும். வெளியிலிருந்து நீர் வந்தால் மிதந்து எழுந்து வாயை அடைக்கும். ஜேம்ஸ் பீக் 1851ல் செய்த காரியத்தை ஒரு விளையாட்டுப் பந்து செய்கிறது. ஆனால் ஒரு தேக்கிலைத் துணுக்கு அதில் மாட்டிக்கொண்டால் பந்து விளையாடாது. ஆகையால் துளையின் உள்வாயில் ஒரு சல்லடை. சல்லடையைத் தினமும் துடைக்க ஒரு கை.

மேல்நாட்டில் இந்த வித்தை விளையாட்டுப் படகுகளில் நன்றாக வளர்ந்தது. நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்ற பால் எல்வ்ஸ்ட்ரோம் என்ற டென்மார்க்குக்காரர், படகு ஓடும் வேகத்தாலேயே உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி வெளியேற்றும் ஓர் அடித்துளைக் கருவியைச் செய்தார். அமெரிக்காவில் 1958ல் ‘பாஸ்டன் வேலர்’ என்ற படகு வந்தது. இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பிக் கட்டியது. அதன் முதலாளி 1961ல் அந்தப் படகில் உட்கார்ந்துகொண்டே அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் செய்தார். எஞ்சின் இருந்த பாதி தண்ணீரில் மிதந்து ஓடியது! ‘லைஃப்’ பத்திரிகை அந்தப் படங்களை வெளியிட்டது. வயிற்றை நம்பாதே, உடம்பை நம்பு என்ற கட்டுமரத்தின் உபதேசம்தான் அது. 2001ல் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம், இப்படித் தானே வடியும் தொட்டிகளுக்கென்றே தனி விதிமுறை வகுத்தது.

நம் கடற்கரையிலோ இது விளையாட்டல்ல, பிழைப்பு. எஞ்சின் வந்தபோது கட்டுமரம் திகைத்து நின்றது. நனையக் கூடாத எஞ்சினை, நனைவதையே தர்மமாகக் கொண்ட மரத்தில் எங்கே வைப்பது? 1979ல் சென்னையில் அமைந்த வங்காள விரிகுடாத் திட்டத்தார், அலையைத் தாண்டிக் கரையேறும் படகுகளை வகுத்துச் சோதித்தார்கள். தளத்தை மூடி, அடியில் நுரை நிரப்பி, எஞ்சினை ஒரு பெட்டிக்குள் வைத்து, கரைக்கு வரும்போது பெட்டியோடு தூக்கிக்கொள்ளும்படி அமைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியேர் ஜிலே என்பவர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து ப்ளைவுட் படகுகள் கட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் இருந்த கேள்வி ஒன்றே: கட்டுமரத்தின் குணம் கெடாமல் அதற்கு எப்படி ஓர் எஞ்சினைக் கொடுப்பது?

2004ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு வந்தன. அவசரத்தில் கட்டியவையும் அவற்றில் இருந்தன. கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்தன. மீனவர்கள் நனையாமல் போனார்கள், தூரமும் போனார்கள். இதில் வருத்தப்பட ஏதுமில்லை. மரத்தின் மேல் நாள் முழுவதும் ஈரத்தில் மண்டியிட்டவருக்குத்தான் அந்தச் சுகத்தின் அருமை தெரியும். ஆனால் மூடாத ஃபைபர் படகு, தத்துவத்தில் மீண்டும் மசூலாப் படகுதான். வயிற்றுக் காற்றை நம்பி மிதப்பது. பெரிய அலை ஒன்று உள்ளே விழுந்தால், அதை வெளியே அனுப்ப ஒரு துளை வேண்டும், அல்லது ஒரு மனிதன் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கன்னியாகுமரிக் கரையிலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அத்தகைய புயலில் ஒரு வடிதுளை எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று சொல்வது பேதைமை. ஆனால் கடலில் எல்லா நாளும் புயல் நாள் அல்ல. சாதாரணமான ஒரு மாலையில், சாதாரணமான ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே படகு நிமிர்ந்து கொள்ளுமா என்பதை அந்தச் சின்னத் துளைதான் தீர்மானிக்கிறது.

மனிதர்கள் பழைய படகுக்குச் செய்யும் உபசாரங்களைப் பாருங்கள். புதிய வர்ணம் பூசுவார்கள், பெரிய எஞ்சின் மாட்டுவார்கள், மெத்தை தைப்பார்கள், வெயிலுக்குக் கூரை போடுவார்கள். ஒவ்வொன்றும் அதன் தளத்தைக் கடுகளவு தண்ணீரை நோக்கி இறக்குகிறது. யாரும் துளையைக் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்ப்பதற்குக் கால் காசு செலவில்லை. பின்பலகையில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை படகு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பட்டணத்து எஞ்சினீயர் வரவேண்டியதில்லை.

இறைக்கும் ஆட்கள் இருவர் மசூலாப் படகில் இருந்தவரையில், தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதை அறிந்த இரண்டு ஜோடிக் கண்கள் படகில் இருந்தன. துளை வந்தது, அவர்களுடைய முதுகு நிமிர்ந்தது. அது மகத்தான விடுதலை. ஆனால் துளைக்குக் கண் இல்லை. இலை அடைத்தாலும், மட்டம் தாழ்ந்தாலும் அது கூவாது. ஆகவே அந்தக் கண்களின் வேலை மட்டும் இன்னும் மீதியிருக்கிறது. வால்பாறையில் ஜூன் மாதத்து முதல் மேகம் இறங்கும்போது, கீழே ஏதோ ஓர் அணைக்கரையில் யாரோ ஒருவர் சல்லடையிலிருந்து ஈர இலையை எடுத்து எறிந்துகொண்டிருந்தால், அந்தப் படகு விடியும்போது மிதந்துகொண்டிருக்கும்.